ஏணிக்கு மேலே இளைத்த கால்

இத்தனை ஆட்டுக்கால் சூப்பு குடித்தும் பூலோகத்தின் கால் ஏன் தேறவில்லை? அன்று மும்பையில் எங்கள் தாராவிச் சந்தில் யாரிடமும் இதற்குப் பதில் இல்லை. இதை எழுதுகிறவனிடமும் இல்லை.

பூலோகம் பிளாஸ்டிக் கோடவுனில் மூட்டை தூக்குகிறவர். மழையில் தன் வீட்டு ஏணியிலேயே சறுக்கி விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. வீடு என்பது மாடியில் ஓர் அறை. கீழே ஜோசப்ராஜின் தையல் கடை. மேலே ஏறச் செங்குத்தான இரும்பு ஏணியும், பிடித்துக்கொள்ளத் தொங்கும் ஒரு கயிறும்தான்.

கட்டுப் பிரித்தபோது வலது தொடை வற்றிப்போயிருந்தது. எலும்பு கூடிவிட்டது, நடக்கலாம் என்று டாக்டர் சொன்னார். மனைவி முத்துமாரி கேட்கவில்லை.

“இந்தக் காலை வச்சிக்கிட்டா நடக்கப் போறீக? மொதல்ல சதை புடிக்கட்டும்.”

சந்தும் அதையே சொன்னது. முதலில் சதை, பிறகு நடை. வீட்டுக்கு வீடு முறை வைத்துச் சூப்பு அனுப்பினார்கள். முத்துமாரி மாட்டுங்காவுக்குச் சமையல் வேலைக்குப் போகும்போது அவர் தனியாக இறங்கிவிடக் கூடாதென்று கயிற்றை அவிழ்த்து ஜோசப்ராஜிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

பூலோகத்துக்குக் கால் வலியைவிடப் பெரிய வேதனை ஒன்று இருந்தது. கழிப்பறை சந்தின் கடைசியில். அவருக்கோ மூலையில் ஒரு வாளி. அதை மனைவி மூடி எடுத்துக்கொண்டு ஏணியில் இறங்கும்போது அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். வாளி நிறையக் கூடாது என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார். ஜன்னல் வழியே, கையில் தண்ணீர் டப்பாவோடு கழிப்பறை வரிசையில் நிற்பவர்களைப் பொறாமையோடு பார்த்தார்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோதும் பிளாஸ்டிக் நாற்காலியில் கட்டித்தான் இறக்கினார்கள்.

“அண்ணாச்சி, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி இருக்கு. சிரிங்க” என்றார் ஜோசப்ராஜ். பூலோகம் சிரிக்கவில்லை.

அங்கே உடற்பயிற்சி கொடுக்கும் ஃபர்ஸானா காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு இந்தியில் விளக்கினார். தசையின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மெல்லிய இழைகள் இருக்கின்றன. பாரம் ஏறினால் அவை இழுபடும். அவை செல்லின் சவ்வைப் பற்றியிருக்கும் இடத்தில் அந்த இழுப்பு உறைக்கும். உடனே, புதுப் புரதம் கட்டு என்று உள்ளே செய்தி போகும். ஓய்வெடுக்கும்போதும், மறுநாளும்கூட அந்த வேலை நடக்கும். பக்கத்தில் சும்மா கிடக்கும் சின்னச் செல்களும் விழித்து வந்து தசையோடு சேரும். பாரமே வராவிட்டால் கட்டுவது குறையும், கரைவது மிஞ்சும். சூப்பு வெறும் சாமான்தான். வேலையைத் தொடங்கச் சொல்வது பாரம்.

“அப்ப நாம தலைகீழா செஞ்சிருக்கோம்ட்டி” என்றார் பூலோகம் மனைவியிடம். “சதை வந்தா நடக்கலாம்னு இருந்தோம். நடந்தாத்தான் சதையே வருமாம்.”

வீட்டில் ஃபர்ஸானா சொன்னபடி தகரப் பெட்டியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தார். மறுநாள் தொடை கடுத்தது. முத்துமாரி பெட்டியின் மேல் பாத்திரங்களை அடுக்கிவிட்டாள்.

“வலிக்குதுன்னா கெட்டுப்போவுதுன்னுதான அர்த்தம்?”

“இது உழைச்ச வலி. கோடவுன்ல மொத மூட்டை தூக்குன மறுநா இப்படித்தான் இருந்துச்சு.”

பாத்திரங்கள் இறங்கின. கயிறு மட்டும் வரவில்லை. வாரங்கள் போயின. கீழே தையல் மெஷின் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவர் எழுந்து உட்கார்ந்தார். காலின் நடுக்கம் குறைந்ததும் பெட்டியை ஒதுக்கிவிட்டு, மணையில் ஏறி இறங்கினார்.

ஒரு காலையில் முத்துமாரி வாளியை எடுக்க வந்தாள். அவர் அதன் மேல் கை வைத்துத் தடுத்தார். அவள் கீழே போய்க் கயிற்றை வாங்கிவந்து கட்டினாள்.

“விழுந்தீகன்னா இனி நான் தூக்க மாட்டேன்.”

கயிற்றைப் பிடித்து, பின்பக்கமாக ஒவ்வொரு படியாக இறங்கினார். பாதியில் கால் உதறியது. ஜோசப்ராஜ் தாங்கப் பிடிக்க ஓடிவந்தார்.

“விடுங்க தம்பி” என்றாள் முத்துமாரி. “அவுக காலுக்கு வேலை இருக்கு.”

மெல்ல இறங்கி, டப்பாவோடு போய் வரிசையின் கடைசியில் நின்றார். முன்னே போகச் சொல்லி எல்லாரும் வழிவிட்டார்கள்.

“இருக்கட்டும். நிக்கேன்” என்றார் பூலோகம்.

உங்கள் தெருவிலும் கட்டுப் பிரித்தவர் யாராவது மாடியிலேயே இருக்கலாம். காலில் பாரம் ஏற்றலாமா என்று டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். சூப்பு கொண்டுபோகிறவர்களுக்கும் இந்தக் கதையைச் சொல்லி அனுப்புங்கள்.