அஞ்சம்மாளின் முன் சீட்டு

விழுப்புரம் பக்கத்துக் கெடார் ஊர் அஞ்சம்மாள் பன்னிரண்டு வருஷமாகத் திருச்செந்தூர் போகிறவள். திண்டிவனத்தில் கிளம்புகிற டூர் பஸ் விழுப்புரம் வந்து நிற்கும்போது, டிரைவருக்குப் பின்னால் இருக்கிற முன் சீட்டு அவளுக்காகக் காலியாக இருக்கும். கோயிலில் பெண்கள் எடுக்கும் பால்குடத்தில் முதல் குடமும் அவள் தலையில்தான். ஏனென்று கேட்டால் பஸ்ஸே சொல்லும்: விழுப்புரத்தில் ஏறினால் திருச்செந்தூரில்தான் இறங்குவாள், நடுவில் ஒரு தடவைகூட அவள் கால் தரையில் படாது. அதற்காக முந்தின நாள் பொழுது சாய்ந்ததிலிருந்தே சொட்டுத் தண்ணீர் தொடமாட்டாள். ரோட்டோரம் ஒதுங்க இடம் தேடுகிற நிலைமை தனக்கு வரக்கூடாது என்று அவளுக்கு அப்படியொரு வைராக்கியம்.

இந்த வருஷம் பஸ் வந்து நின்றது. முன் சீட்டில் புனிதா உட்கார்ந்திருந்தாள். அஞ்சம்மாளின் ஓரகத்தி, கொழுந்தனைக் கட்டிக்கொண்டு திண்டிவனத்தில் குடியிருக்கிறவள். பத்து வயசு இளையவள். இந்தப் பயணத்துக்கு வருவது இதுதான் முதல் தடவை.

"வாங்கக்கா. சும்மா கெடந்துதேன்னு உக்காந்துட்டேன். நீங்க இங்க உக்காருங்க, நான் பின்னால போறேன்."

அவள் எழுந்து கொடுத்து இவள் வாங்கிக்கொள்வதா? "நீயே உக்காரு. எங்க உக்காந்தா இன்னா" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய், சக்கரத்துக்கு மேலே இருந்த சீட்டில், வருஷா வருஷம் கூட வருகிற செண்பகத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

உளுந்தூர்பேட்டை தாண்டியதும் புனிதா கொஞ்சமும் கூச்சமில்லாமல் எழுந்து நின்றாள்.

"சீனுவாசண்ணே, நல்ல பெட்ரோல் பங்கா பாத்து நிறுத்துங்க. எல்லாரும் கொஞ்சம் நடந்துட்டு வரட்டும்."

டிரைவர் சீனுவாசன் நிறுத்தினான். அதற்குப் பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் இதே கதைதான். போன வருஷம் வரைக்கும் அஞ்சம்மாளைப் பார்த்துப் பார்த்து அடக்கிக்கொண்டு வந்த பெண்கள், இப்போது சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். புனிதா மோர் ஊற்றிக் கொடுத்தாள். உட்கார்ந்த இடத்திலேயே கணுக்காலைச் சுழற்றச் சொல்லிக் கொடுத்தாள்.

"எறங்குக்கா. காலு மரத்துப்பூடும்" என்றாள் செண்பகம்.

"நீ போடி. எனக்குப் பழக்கம்."

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். புனிதாவைச் சுற்றி ஒரே கூட்டம். போன வருஷம் அது இவளைச் சுற்றி இருந்த கூட்டம். தொண்டை வறண்டது, வயிறு எரிந்தது. எது தாகம், எது பொறாமை என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை.

மதுரை தாண்டியதும் மெட்டி விரலைக் கடித்தது. குனிந்து பார்த்தாள், பாதம் இரண்டும் உப்பிக் கிடந்தன. புடவையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். திருச்செந்தூரில் பஸ் படியில் கால் வைத்ததும் தலை கிறுகிறுவென்று சுற்றியது. விழுந்திருப்பாள். தாங்கிப் பிடித்தவள் புனிதா.

மண்டபத்தில் படுக்கவைத்து, காலைப் பையின் மேல் தூக்கி வைத்து, சர்க்கரையும் உப்பும் கலந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள்.

"நாலு வார்த்த திட்டிட்டுப் போயேன்டி" என்றாள் அஞ்சம்மாள்.

"எதுக்குக்கா திட்டணும்? இந்தாங்க, இன்னும் ரெண்டு முழுங்கு."

விடிந்தபோது வீக்கம் பாதி வடிந்திருந்தது. பால்குடம் வரிசையாக நின்றது. எல்லாப் பெண்களும் புனிதாவையே பார்த்தார்கள். அவளோ முதல் குடத்தை எடுத்து அஞ்சம்மாள் தலையில் வைத்தாள்.

"வருஷா வருஷம் உங்களுதுதானக்கா."

பிடுங்கிக்கொண்டிருந்தால் வாயார வைதுவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். கொடுத்துவிட்டாளே. இனிமேல் அது புனிதா கொடுத்த குடம். கோயிலைச் சுற்றி வரும்வரை அந்த நினைப்புத்தான் குடத்தைவிடக் கனத்தது.

மறுநாள் விடியலில் திரும்பினார்கள். கிளம்பும் முன்பே அஞ்சம்மாள் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தாள். தூத்துக்குடி தாண்டி, புனிதா எழுந்திருக்கும் முன்னால், பின்னாலிருந்து குரல் வந்தது.

"சீனு, ஓரமா நிறுத்துப்பா."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"இன்னா பாக்குறீங்க? உக்காந்துக்கினே வந்தா காலு வீங்காதா? ஜல்தியா எறங்கி நடங்க."

அவள் முன்னால் நடக்க, மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். புனிதாவும் வந்தாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

சாயங்காலம் நாலு மணிக்கு விழுப்புரம். பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்த அஞ்சம்மாள் அங்கேயே நின்றாள். இவள் இறங்கிவிடுவாள். திண்டிவனம் போக இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. தலை சுற்றியதும் குடம் கொடுத்ததும் அந்த ஒரு மணி நேரம் பூராவும் பேச்சாகும். புனிதா சொல்லமாட்டாள், மற்றவளுங்க வாய் சும்மா இருக்குமா?

"எறங்கலையாக்கா?" என்றான் சீனுவாசன்.

அவள் திரும்பி முன் சீட்டுக்கு வந்தாள். "தள்ளி உக்காருடி" என்று புனிதாவை நகர்த்திவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"திண்டிவனத்துல வேலை இருக்குது."

"இன்னா வேலைக்கா?"

"இருக்குது."

புனிதாவின் பாட்டிலைக் கேட்காமலே எடுத்து இரண்டு முழுங்கு குடித்தாள். பஸ் நகர்ந்தது. புனிதா கணுக்காலைப் பத்துச் சுற்றுச் சுழற்றினாள். அஞ்சம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே பன்னிரண்டு சுற்றுச் சுழற்றினாள்.