காருக்குப் பாடிய பன்னிரண்டு பாட்டு

கார் ஸ்டீரியோவுக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. எந்த இடத்தில் நிறுத்தினோமோ, அந்த இடத்திலிருந்தே மறுபடியும் தொடங்கும். எத்தனை நாள் ஆனாலும் மறக்காது, பொய்யும் சொல்லாது. அதை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரை நம்பினேன் பாருங்கள், என்னைத்தான் சொல்ல வேண்டும்.

எனக்குக் கழுத்தில் தைராய்டு கட்டி. ஆப்பரேஷனுக்குப் பிறகு பேச்சு வரும், பாட்டு பழையபடி வருமென்று உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். பாளையங்கோட்டையில் இருபத்திரண்டு வருடம் சர்ச் பாடகர் குழுவில் பாடியவள் நான். ஆப்பரேஷனுக்கு முந்தின வாரம் படுக்கையறைக் கதவைச் சாத்தி, சத்தம் பதிவாகுமே என்று ஃபேனையும் நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்கப் பன்னிரண்டு கீர்த்தனைகளைச் செல்போனில் பாடிப் பதிந்தேன். அது அப்படியே கார் செட்டில் ஓடாதாம். நான் வேலை பார்க்கும் பள்ளியின் கம்ப்யூட்டர் டீச்சர்தான் எம்பி3 ஆக மாற்றிப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தாள். எல்லாம் யாருக்காக? தினமும் கங்கைகொண்டான் கம்பெனிக்குத் தனியாகக் கார் ஓட்டிப் போகிற இவருக்காக. குரல் போனாலும் ஒரு மனுஷன் காதிலாவது அது இருக்கட்டுமே என்ற ஆசை.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் நானே செருகிப் போட்டுக் காட்டினேன். முதல் பாட்டின் இரண்டாம் சரணத்தில் இவருக்குப் போன் வந்தது, செட்டை அணைத்தார். திரும்பி வரும்போது கழுத்து வலியில் எனக்குப் பாட்டு நினைப்பே இல்லை.

டாக்டர் பயந்தபடியே ஆனது. பேச முடிகிறது, மேல் சுரத்துக்குப் போனால் வெறும் காற்றுதான் வருகிறது. குழுவிலிருந்து நானே விலகிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றவர்கள் பாடும்போது வாயை மட்டும் அசைப்பேன். சாயங்காலம் இவர் வீட்டுக்கு வந்ததும் வெட்கமில்லாமல் கேட்பேன்.

"பாட்டு கேட்டீங்களா?"

"தெனமும் கேக்கத்தானட்டி செய்யுதேன்."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நாலு மாதத்தை ஓட்டினேன். சர்ச் நடக்கிற தூரம், பள்ளிக்கு ஸ்கூட்டர். காரில் ஏற எனக்கு வேலை வரவில்லை.

பிறகு இவரோடு வேலை பார்ப்பவர் ஒருவர் திருச்செந்தூரில் வீடு கட்டிப் பால் காய்ச்சினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். வி.எம். சத்திரம் தாண்டியதும் ஆசையாகப் பொத்தானை அழுத்தினேன். பாட்டு முதலிலிருந்து வரவில்லை. இரண்டாம் சரணத்தில், ஒரு வார்த்தையின் பாதியிலிருந்து வந்தது. ஆஸ்பத்திரி வழியில் அணைத்த அதே இடம். இவர் பக்கம் திரும்பினேன்.

"அன்னைக்கு நிறுத்துன எடத்துலயே நிக்கி. ஒரு நாள்கூட கேக்கலயா நீங்க?"

"செட்டுக்குக் கோட்டி புடிச்சிருக்கும்."

ஸ்ரீவைகுண்டத்தில் டீ குடிக்க நிறுத்தும்போது ஐந்தாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து வண்டியை எடுத்தால், விட்ட இடத்திலிருந்து பிசகாமல் தொடர்ந்தது.

"செட்டுக்கு ஒண்ணும் இல்ல" என்றேன்.

இவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏட்டி, இருவது வருசமா வீட்டுல உன் பாட்டத்தான கேட்டுக்கிட்டுக் கெடக்கேன். வண்டியிலயும் அதுதானா?"

வீட்டில் பாட்டு நின்று நாலு மாதம் ஆகிறது. அதுகூட இந்த மனுஷனுக்கு உறைக்கவில்லை. பதிலுக்குக் கத்தியிருப்பேன், கத்தவும் தொண்டை வேண்டுமே. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

ஆழ்வார்திருநகரி பக்கம் வரும்போது ஏழாவது பாட்டு தொடங்கியது. பாதியில் நின்றது. செட்டின் திரையில் நொடிகள் மட்டும் ஓடின. பதிந்த அன்று அந்த இடத்தில்தான், இனி இந்தச் சுரத்தை நான் தொடப்போவதில்லை என்று தோன்றிவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அழித்துவிட்டுத் திரும்பப் பாடியிருக்கலாம். இவர்தானே கேட்கப்போகிறார், கேட்கட்டும் என்று அப்படியே விட்டேன்.

இவர் கையை நீட்டினார்.

"இது கெட்டுப்போச்சு போல" என்று சொல்லி அடுத்த பாட்டுக்குத் தள்ளினார்.

சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்திருந்தால் கேட்டிருக்கும்.