அக்கா விற்க மறுத்த ஆடுகள்

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. திதிக்கு வருகிறவர்கள் கையில் கொடுப்பதற்காக இந்தச் சிறு நினைவு மலரைப் போடுகிறோம். தங்கை என்பதால் என்னை எழுதச் சொன்னார்கள். அழுது முடித்த பிறகு எழுதலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். அழுகை இன்னும் வரவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது கீழ்பென்னாத்தூர் பக்கம், வேர்க்கடலை விளையும் ஒரு சிற்றூரில். அம்மா விடியும் முன்பே கழனி வேலைக்குப் போய்விடுவார். எனக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியது அக்காதான். அவர் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டார். திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலைக்கு மணமாகிப் போனபோது, சீர்ச் சாமான்களோடு ஒரு சினை ஆட்டையும் அப்பா வேனில் ஏற்றி அனுப்பினார். மாப்பிள்ளை வீட்டில் சிரித்தார்கள். அக்காவும் சேர்ந்து சிரித்தார். அந்த ஆடு பெருகிப் பட்டியானது. கூடவே நாட்டுக்கோழிகளும் சேர்ந்தன. மாமா வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். முதுகுவலியால் அந்த வேலை நின்றுபோன பிறகு, ஆடும் கோழியும்தான் அந்த வீட்டுக்குச் சோறு போட்டன.

ஒரு மழைக்காலத்தில் சந்தையில் வாங்கி வந்த கிடாவுக்கு மூக்கு ஒழுகியது. பிறகு கழிச்சல், வாயெல்லாம் புண். மற்ற ஆடுகளும் ஒவ்வொன்றாகப் படுத்தன. செய்தி கேட்டு நானும் போயிருந்தேன். கால்நடை மருத்துவர் வந்து பார்த்து, ஆட்டுக்கொல்லி நோய் என்றார். ஊரில் மற்றவர்களின் ஆடுகளுக்கு உடனே தடுப்பூசி போட்டாக வேண்டும் என்றும் சொன்னார்.

அன்று மாலையே ஒரு தரகர் வந்து நின்றார்.

"இன்னும் நிக்கிற ஆட்டையெல்லாம் வண்டில ஏத்திடலாம்மா. தூரத்து சந்தை, யாருக்கும் தெரியாது. வெல கொஞ்சம் கம்மியா வரும், அவ்ளோதான்."

மாமா சரியென்று தலையாட்டிவிட்டார். அக்கா பட்டியின் வாசலை மறித்து நின்றார்.

"வாங்கினு போறவங்க வூட்லயும் ஒரு பட்டி இருக்கும் இல்ல? அங்க போயி பரவட்டும்னு அனுப்பணுமா?"

"நம்ம பொண்ணு காலேஜ் நடுவுல நிக்குது. அத நெனச்சியா நீ?" என்றார் மாமா.

"நெனச்சேன். ஆனாலும் குடுக்க மாட்டேன்."

தரகர் போய்விட்டார். அக்கா வீடு வீடாகப் போய்ச் சொன்னார். "எங்க ஆட்டுக்கு வந்துடுச்சுங்க. உங்களுது நல்லா இருக்கறப்பவே ஊசி போட்டுடுங்க. எங்க பக்கம் மேய உடாதீங்க." சிலர் நன்றி சொன்னார்கள். ஒரு வீட்டில், "சந்தையிலேர்ந்து நோய வாங்கினு வந்துட்டு, இப்ப சொல்ல வந்துட்டியா?" என்று கத்தினார்கள். அக்கா அடுத்த வீட்டுக்கு நடந்தார். நான் பின்னால் போனேன்.

நின்றிருந்த ஆடுகளும் செத்தன. குழி வெட்டினோம். சுண்ணாம்பு கொட்டி மூடினோம். பட்டி காலியானது. மாமா பல நாட்கள் அக்காவோடு பேசவில்லை. அக்கா முட்டை விற்றார், நூறு நாள் வேலைக்குப் போனார், மகளின் படிப்பை நிறுத்தவில்லை. ஊரில் பெரும்பாலான ஆடுகள் பிழைத்துக்கொண்டன. அடுத்த பொங்கலுக்கு எதிர்வீட்டுப் பெண் ஒரு பெட்டைக் குட்டியைத் தூக்கி வந்தார். "நீங்க வந்து சொல்லலன்னா எங்க பட்டியும் போயிருக்கும்க்கா. இத வெச்சிக்கங்க" என்றார். அதிலிருந்து அக்கா மறுபடி ஆரம்பித்தார். மகளும் பட்டம் வாங்கினாள். மாமாவும் தழை வெட்டி வரத் தொடங்கினார்.

சென்ற வருடம் ஒரு பௌர்ணமி. அன்று நான் அக்கா வீட்டில் இருந்தேன். மாலையில் ஆடுகளை அடைத்துக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வாயுப் பிடிப்பு என்றார். சோடா குடித்தார். பிறகு வியர்த்துக் கொட்டியது. கிரிவலக் கூட்டத்தில் அந்தத் தெருவுக்கு ஆட்டோகூட வர முடியாது. ஆம்புலன்ஸ் சற்றுத் தள்ளி, கூட்டுரோட்டில்தான் நிற்கும் என்றார்கள். கட்டிலோடு தூக்கினோம். எதிரே வந்த கூட்டம் ஒதுங்கி ஒதுங்கி வழிவிட்டது.

"பட்டிய சாத்துனியா? குட்டிங்க கூட்டத்துல போயி மாட்டிக்கும்" என்றார் அக்கா.

"சாத்திட்டேன்க்கா" என்றேன். அதன் பிறகு அவர் பேசவில்லை. அவர் காலைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். பாதத்தில் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு போனேன். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது என்றார்கள். மறுநாள் காலை ஆடுகள் வழக்கமான நேரத்துக்குக் கத்தின. போய்த் தழை போட்டேன்.

அன்று முதல் இன்றுவரை துணை நிற்கும் எதிர்வீட்டாருக்கும், நாங்கள் நிலைகுலைந்திருந்த நாட்களில் ஆடுகளை மேய்த்துக் கொடுத்த தெருக்காரர்களுக்கும், கூப்பிட்டபோதெல்லாம் வந்த கால்நடை மருத்துவருக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். மாமாவால் கட்டிலைத் தூக்க முடியாமல் போனபோது, எதிரே கிரிவலம் வந்துகொண்டிருந்த ஒருவர், எதுவும் கேட்காமல் அந்த முனையை வாங்கிக்கொண்டார். வெறுங்காலோடு கூட்டுரோடு வரைக்கும் சுமந்தார். அவர் யார், எந்த ஊர் என்று தெரியாது. இந்த மலர் அவர் கைக்குப் போகாது. ஆம்புலன்ஸ் கதவை மூடும்போது கேட்டார்: "அவங்க பேரு என்னங்க? சாமிகிட்ட வேண்டிக்கறேன்."

எனக்குப் பெயர் வாயில் வரவில்லை. "அக்கா" என்றேன்.

"சரிங்க. அக்காவுக்குன்னு வேண்டிக்கறேன்" என்று சொல்லிவிட்டு, விட்ட கிரிவலத்தைத் தொடர, கட்டிலை வாங்கிய இடத்தை நோக்கித் திரும்பி நடந்தார்.