இடது ஓரத்துப் பட்டை

அந்த ஸ்கேன் சென்டரில் தரையைத் துடைக்க ஆள் உண்டு, கண்ணாடிக் கதவைத் துடைக்க ஆள் உண்டு. டைப்பிங் அறைக் கம்ப்யூட்டர் திரையை மட்டும், அங்கே ரிப்போர்ட் அடிக்கும் ரிப்போர்ட்டக்காதான் துடைப்பாள். கணவரின் பழைய பனியனைக் கிழித்துச் செய்த துணி. அதற்கென்று மேசை இழுப்பறையில் தனி இடம். துடைக்கிற அம்மா ஈரக்கையோடு கிட்டே வந்தால், "அது என் முகம்மா, நானே கழுவிக்கறேன்" என்பாள்.

பதினெட்டு வருஷமாக அவளுக்கு அதே அறை, அதே நாற்காலி. ஜன்னல் கிடையாது. ஏசி ஒழுகும் இடத்தில் ஒரு வாளி. பக்கத்து அறையில் டாக்டர் படங்களைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, ஹெட்போனை மாட்டிக்கொண்டு இவள் அடிக்க வேண்டும். நோயாளிகளுக்குப் பெயர் உண்டு என்பதே டாக்டருக்கு ஞாபகம் இருக்காது. "அந்த முழங்காலை எடுங்க", "இடது நுரையீரலுக்கு ஒரு வரி சேருங்க", "கல்லீரல் அப்படியே இருக்கட்டும், பழைய படம் வரட்டும்" என்று ஒன்றைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குத் தாவுவார். அதனால் எந்நேரமும் ஏழெட்டு ரிப்போர்ட் திறந்தபடியே கிடக்கும். உறுப்புகளை எல்லாம் உரியவர்களிடம் கொண்டுசேர்ப்பது அக்காவின் பாடு.

அதற்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். திரையின் அடி ஓரத்தில் படுத்திருக்கும் டாஸ்க்பார் என்கிற பட்டையை இடது ஓரத்துக்கு இழுத்து, நிமிர்த்தி, உள்ளங்கை அகலத்துக்கு விரித்துவிட்டிருந்தாள். திறந்திருக்கும் ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் அதில் ஒரு வரி. பெயர், வயது, எண். வகுப்பில் பிள்ளைகள் வரிசையாக நிற்கிற மாதிரி மேலிருந்து கீழாக நிற்பார்கள். மூன்றாவது யார், ஐந்தாவது யார் என்று கண் தேடுவதற்குள் கை போய்விடும்.

வியாழக்கிழமை காலை திரையைத் துடைத்து முடித்துப் பொத்தானை அமுக்கினாள். "வணக்கம்" என்றது திரை. பதினெட்டு வருஷத்தில் ஒருநாளும் சொல்லாத வணக்கம். திடீரென்று மரியாதை காட்டுகிறவர்களை அவள் நம்புவதில்லை. திரையையும் நம்பவில்லை.

இடது ஓரம் மொட்டையாக இருந்தது. பட்டை கீழே போய்ப் படுத்திருந்தது. அதில் பெயரும் இல்லை, வயதும் இல்லை. நடுவில் ஏழெட்டுச் சின்னப் படங்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. ஆறு ரிப்போர்ட்டைத் திறந்து பார்த்தாள். ஆறும் ஒரே படத்துக்குள் புகுந்துகொண்டன. ஒரு வரியை வெட்டி ஒட்டலாம் என்று வலது பொத்தானை அமுக்கினால், வெட்டு, ஒட்டு என்ற வார்த்தைகளையும் காணோம். கத்தரிக்கோல் ஒன்று, காகிதம் ஒன்று, இன்னதென்று தெரியாத ஒன்று.

கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்காரரைக் கூப்பிட்டாள். நாற்பதைத் தாண்டியவர். கழுத்தில் அட்டையும் காதில் போனுமாக வந்தார்.

"ஏம்ப்பா, என் பட்டையை யாரு எடுத்தது?"

"யாரும் எடுக்கலைக்கா. ராத்திரி அப்டேட் வந்துடுச்சு. பதினோரு மெஷினுக்கும் தானா ஏறிடுச்சு."

"தானா ஏறுச்சுல்ல, தானா இறங்கச் சொல்லு."

"இறங்காதுக்கா."

"சரி, பட்டையை மட்டுமாவது இந்த ஓரத்துக்குத் தள்ளிக் குடு."

அவர் எங்கெங்கோ திறந்து பார்த்தார். நெற்றியைத் தேய்த்தார். "அந்த வசதியை எடுத்துட்டாங்கக்கா. இனிமே கீழேதான். பேரும் தெரியாது, படம் மட்டும்தான். எல்லாருக்கும் இதுதான் பிடிச்சிருக்காம்."

"எந்த எல்லாருக்கும்? என்கிட்ட யாரு வந்து கேட்டா? எழுதப் படிக்கத் தெரிஞ்சவளுக்கு எதுக்குப்பா கத்தரிக்கோல் படம் காட்டுறான்?"

"ரெண்டு நாள்ல பழகிடும்க்கா."

"செருப்பு கடிச்சாக்கூட ரெண்டு நாள்ல பழகிடும். அதுக்காக அடுத்தவன் செருப்பை மாட்டிக்கிட்டு நடக்க முடியுமா?"

சிஸ்டம்காரர் சிரித்தார். போன் அடித்தது. அதை ஒரு வரம் போல வாங்கிக்கொண்டு நழுவிவிட்டார்.

பதினொரு மணிக்கு டாக்டர் முழுவேகத்தில் இருந்தார். அன்றைக்கென்று பார்த்து இரண்டு முழங்கால்கள். ஒன்று, பள்ளிக்கூடத்தில் விழுந்துவந்த ஒன்பது வயசுப் பெண். மற்றது அறுபத்தேழு வயசுத் தையல்காரர். "முழங்காலுக்கு முடிவு எழுதுங்க" என்றார் டாக்டர். சின்னப் படத்தின்மேல் மவுஸ் அம்பை வைத்தால் ஆறு குட்டிக் காகிதங்கள் எழும்பி வரும். அம்பு ஓர் இழை நகர்ந்தால் அத்தனையும் பொசுக்கென்று மறையும். எழும்பியதில் ஒன்றைப் பிடித்து அடித்தாள், அச்செடுத்தாள், டாக்டரிடம் கொடுத்தாள். அவர் கண் ஸ்கேன் படத்தின்மேலேயே இருந்தது, தாளைப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தந்தார்.

உறையில் போடும்போது கடைசியாக ஒருமுறை வயதைப் பார்ப்பது அக்காவின் வழக்கம். பார்த்தாள். வயது ஒன்பது. முடிவு: முதுமை காரணமான மூட்டுத் தேய்மானம்.

சிரிப்பு வரவேண்டிய இடம்தான். வரவில்லை. அப்படியென்றால், அந்தப் பெண்ணின் எலும்பில் இருந்த விரிசல் தையல்காரரின் தாளில் ஏறியிருக்கும் என்று மனது அடுத்த படிக்குப் போய்விட்டது. தையல்காரரின் ரிப்போர்ட்டைத் தேடித் திறந்தாள். அந்தத் தாள் இன்னும் அச்சாகவில்லை, அந்த மட்டில் தப்பித்தது. இரண்டையும் சரிசெய்து அனுப்பிவிட்டு, தப்பான தாளை எடுத்துக்கொண்டு நேராக மேனேஜர் அறைக்குப் போனாள்.

மேனேஜர் படித்துவிட்டு, கதவு சாத்தியிருக்கிறதா என்று முதலில் பார்த்தார். "வெளியே போகலையே? அப்புறம் என்ன? கிழிச்சுப் போட்டிருக்கலாமே மேடம், எதுக்கு இங்க கொண்டுவந்தீங்க?"

"கிழிச்சா பேப்பர்தான் சார் போகும். எனக்கு ஸ்கிரீன்ல பேரு தெரியணும். பழைய மாதிரி பண்ணிக் குடுங்க, இல்லேன்னா வேற வழி பண்ணிக் குடுங்க."

"மத்த பத்துப் பேரு ஒண்ணும் சொல்லலையே?"

"மத்தவங்க ஒரு நேரத்துக்கு ஒரு பில் போடுறாங்க சார். நான் ஒரு நேரத்துக்கு எட்டு உடம்பு பார்க்கிறேன்."

அன்றைக்கு இன்னும் மூன்று முறை ரிப்போர்ட் ஆள் மாறப் போய், கடைசி நொடியில் பிடித்தாள். மேனேஜர் சாயங்காலம் ஒரு ஃபார்ம் அனுப்பினார். கூடவே பன்னிரண்டு நிமிஷ வீடியோ ஒன்று. அதில் ஒரு பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பார்த்து மலர்ந்தாள். ஃபார்மில் மூன்று வரி: புதிய முறையில் பயிற்சி பெற்றேன். தடையின்றிப் பணிபுரிய இயலும். பிழை நேர்ந்தால் நானே பொறுப்பு. நாளை மதியத்துக்குள் கையெழுத்துப் போடாதவர்கள் டோக்கன் கவுண்டருக்கு மாற்றப்படுவார்கள் என்று அடியில் குறிப்பு. நாற்காலி இல்லாத கவுண்டர் அது. நாள் முழுக்க நின்றபடி நம்பர் கத்த வேண்டும்.

வீட்டில் துணி தேய்ப்பது அவள் கணவரின் வேலை. பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். சட்டையைத் திருப்பிப்போடும்போதுகூடக் கண்ணாடி பார்த்து வண்டியைத் திருப்புகிற பாவனை இருக்கும். ஃபார்மை வாங்கி விளக்குக்குக் கீழே பிடித்துப் படித்தார்.

"ஒரு கையெழுத்துதானேம்மா. போட்டுட்டு வா. எங்களுக்கும்தான் புதுசு புதுசா வண்டி குடுத்தாங்க. ஓட்டலையா?"

"பிரேக்கைக் கழட்டி வேற பக்கம் வெச்சுட்டு, உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, விடியக்காலையில அறுபது பேரை ஏத்திவிட்டா ஓட்டுவீங்களா?"

அவர் சட்டையின் ஒரு கையை முழுசாகத் தேய்த்து முடித்தார். "டெப்போவை விட்டே எடுக்க மாட்டேன்" என்றார். பிறகு, "ஆனா நாள் பூரா நிக்கணுமே. உன் முட்டி தாங்குமா?"

"முட்டிக்கு என்ன, முதுமை காரணமான தேய்மானம்தான். அதைச் சரியான ஆளு பேருல எழுதினா எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை."

அவர் சிரித்துவிட்டார். ஆனாலும் கவலை போகவில்லை என்பது, தேய்த்த சட்டையையே மறுபடி எடுத்துத் தேய்த்ததில் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை போனதும் வீணான தாள்களை எடுத்து விரல் அகலத்துக்குக் கத்தரித்தாள். ஒவ்வொன்றிலும் பெயர், வயது, எண் என்று பேனாவால் எழுதி, கம்ப்யூட்டரின் இடது விளிம்பில் மேலிருந்து கீழாக ஒட்டினாள். ரிப்போர்ட்டுக்கு முகவரி கிடைத்தது; ஆனால் உள்ளே இருக்கும் குட்டிக் காகிதங்கள் அந்த வரிசைக்கு அடங்கவில்லை. மூன்றாவதைத் தேடினால் ஐந்தாவது வந்தது. அரைமணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு, ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் மூடினாள். ஒன்றை முடித்து, அச்செடுத்து, உறையில் போட்டு, அதன் சீட்டைக் கிழித்த பிறகுதான் அடுத்தது.

வேலை தேர் மாதிரி நகர்ந்தது. ஹெட்போனில் டாக்டர் கத்தினார். "கல்லீரல் எங்கே?"

"வரிசையில உக்காந்திருக்கார், டாக்டர். இப்போ இடுப்பு ஓடிட்டிருக்கு."

வெளியே காத்திருந்தவர்களின் பேச்சு முணுமுணுப்பைத் தாண்டி இரைச்சலானது. பன்னிரண்டரைக்கு மேனேஜர் டைப்பிங் அறைக்கே வந்துவிட்டார். அவர் அந்த அறைக்குள் வந்து ஒரு வருஷமாவது இருக்கும். உட்கார இடம் தேடினார்; இருந்தது வாளி மட்டும்தான்.

"முப்பது பேரு நிக்கிறாங்க மேடம். என்ன பண்ணிட்டிருக்கீங்க?"

"தப்பில்லாம அடிச்சிட்டிருக்கேன் சார்."

"ஃபார்ம் எங்கே?"

இழுப்பறையிலிருந்து எடுத்து நீட்டினாள். மூன்று வரியில் கடைசி இரண்டும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தன. கீழே அவள் கையால் எழுதியிருந்தது: வியாழக்கிழமை ஒரே நாளில் நான்கு முறை ரிப்போர்ட் ஆள் மாறப் பார்த்தது. ஒன்று டாக்டரின் கையெழுத்து வரை போனது. திறந்திருப்பவர்களின் பெயர் திரையில் தெரியும்படி செய்து தரும்வரை ஒரு நேரத்தில் ஒரு ரிப்போர்ட்தான் அடிப்பேன். அதற்குக் கீழே தேதி, கையெழுத்து.

"இது நாங்க குடுத்த ஃபார்மே இல்லையே."

"அதேதான் சார். உங்களைக் கேட்காம கொஞ்சம் அப்டேட் பண்ணியிருக்கேன்."

மேனேஜரின் காது மடல் சிவந்தது. "டோக்கன் கவுண்டர்ல நிக்க வேண்டியிருக்கும், தெரியும்ல?"

"நிக்கிறேன். இந்த நாற்காலியில நாளைக்கு யாரு உக்காந்தாலும் அதே எட்டு உடம்பு, அதே ஒரு படம். என்னை மாத்தினா அது மாறிடுமா? எதுக்காக என்னை அனுப்புறீங்கன்னு மட்டும் இந்தத் தாள்ல எழுதிக் குடுங்க, போயிடறேன்."

அவர் தாளை மறுபடி படித்தார். இந்தமுறை மெதுவாக. 'டாக்டரின் கையெழுத்து வரை' என்ற இடத்தில் கண் நின்றது. தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அக்கா இழுப்பறையிலிருந்து அதன் நகலை எடுத்து, மேசைமேல் விரித்து, பேனாவின் மூடியைத் திறந்து வைத்தாள். "பெற்றுக்கொண்டேன்னு இதுல ஒரு கையெழுத்து போட்டுடுங்க சார்."

மேனேஜர் பேனாவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அது அடித்த மாதிரி தெரியவில்லை.

"சார், கையெழுத்து?"

டோக்கன் கவுண்டர் பேச்சை மறுபடி எடுக்காமல், அவர் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வெளியே போனார்.