அஞ்சலை மடை

நான் பொய் சொன்னேன்.

கலைச்செல்வி என்கிற பெண் வெயிலிலும் சேற்றிலும் அலைந்து முனைவர் பட்டத்துக்கு எழுதிய ஆய்வேட்டில், மூன்றாம் இயலில், ‘அஞ்சலை மடை’ என்று ஒன்று வரும். அதன் கீழே ஒன்றரைப் பக்கத்துக்கு ஒரு கதை வரும். அந்தப் பெயர் பொய். அந்தக் கதையும் பொய். இரண்டையும் அவளுக்குச் சொன்னவன் நான்தான்!

நூலகத்தில் அந்த ஏட்டை எடுத்துப் புரட்டப் போகிறவர்களே, உங்களிடம்தான் சொல்கிறேன். சொல்ல வேண்டியவளிடம் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை...

நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன். நான் சொல்லச் சொல்ல என் மகள் சாந்தி எழுதுகிறாள். வார்த்தைகளைச் சீராக வைப்பது அவள் கை. தப்பு முழுக்க என்னுடையது. அஞ்சலை என்று நான் சொன்னதுமே அவள் பேனா நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தாள். அது அவள் அம்மாவின் பெயர். என் மனைவியின் பெயர்.

“எழுதும்மா” என்றேன்.

எழுதுகிறாள்.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே எங்கள் ஊர். அங்கே ஐம்பது வருடம் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவன் நான். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் எந்த மடையை முதலில் திறப்பது, எதை அடைப்பது, யார் வயல் காத்திருக்கலாம், யார் வயல் காத்திருக்க முடியாது... எல்லாம் என் மண்வெட்டிதான் முடிவு செய்யும். மடை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். வாய்க்கால் கரையில் இரண்டு கல், நடுவில் ஒரு பலகை. அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பேர் உண்டு. நரிக்குழி மடை, இலுப்பையடி மடை, தட்டான் மடை... தட்டான் மடைப் பக்கம் நகை செய்கிற எந்தத் தட்டானும் இருந்ததில்லை. ஏன் அந்தப் பேர் வந்தது என்று என் அப்பாவுக்கும் தெரியாது.

இதைக் கேட்டுத்தான் கலைச்செல்வி வந்தாள். பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பெண். அப்பா தேங்காய் மண்டியில் மட்டை உரிக்கிறவர். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இவள். வயலுக்கும் மடைக்கும் இருக்கிற பெயர்களை ஆராய்ச்சி செய்கிறேன் என்றாள். என் கூட்டாளி பக்கிரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“ஏம்மா, மடைக்குப் பேரு எழுதுனா டாக்டர் பட்டமா? அப்ப எனக்கு ஊசி போடுவியா?”

“ஊசி போட மாட்டேன் தாத்தா. பேருக்கு உசுரு இருக்கான்னு நாடி புடிச்சுப் பாப்பேன்.”

“உசுரு இல்லேன்னா?”

“இல்லேன்னு எழுதிட்டுப் போவேன்.”

அப்படித்தான் எழுதினாள்! தட்டான் மடைக்குக் காரணம் தெரியவில்லை என்று நான் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னபோது, அவள் முகம் கொஞ்சமும் வாடவில்லை. நோட்டில் ‘தெரியவில்லை’ என்று எழுதி, எழுதியதை எனக்குப் படித்தும் காட்டினாள்.

“இதுக்கு ஏன்ம்மா தாளை வீணாக்குற?”

“தெரியாததைத் தெரியாதுன்னு எழுதக் கூச்சப்பட்டா, தெரியும்னு நான் எழுதுற எதையும் யாரும் நம்ப வேண்டாம் தாத்தா.”

அவளுடைய பேராசிரியர் ஒரு விதி போட்டிருந்தாராம். எந்தப் பேரானாலும் இரண்டு பேர் சொல்ல வேண்டும். தனித்தனியாகச் சொல்ல வேண்டும். ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்டிருக்கக் கூடாது. ஒரே மடைக்காக அவள் என் வீட்டுக்கும் பக்கிரி வீட்டுக்கும் நடந்த நடை இருக்கிறதே... எதற்கு இந்தப் பாடு என்று நினைப்பேன். இப்போது தெரிகிறது, அந்த நடை என்னை மாதிரி ஆளுக்காகத்தான்!

எங்கே விட்டேன்? ஆம், நான் பொய் சொன்ன அந்தக் கடைசி மடை.

வாய்க்கால் முடிகிற இடத்தில் இருக்கிறது அது. அதற்குப் பேரே கிடையாது. கடைசி மடை என்போம், இல்லையென்றால் கையைக் காட்டுவோம். அன்றைக்கு நானும் அவளும் அந்தக் கல்லில் உட்கார்ந்தோம். என் மனைவி போய் எட்டு மாதம் ஆகியிருந்தது.

“இதுக்கு என்ன பேரு தாத்தா?”

பேர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதையும் எழுதியிருப்பாள். ஆனால் என் வாய்... “அஞ்சலை மடை” என்றது.

ஊரில் என் மனைவியை எல்லோரும் சின்னப்பொண்ணு என்றுதான் கூப்பிடுவார்கள். அஞ்சலை என்பது ரேஷன் கார்டில் மட்டும் இருந்த பேர். நான்கூட அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. செத்த பிறகு, யாரோ ஒரு பெண்ணின் நோட்டுக்காக, முதல் தடவையாகக் கூப்பிட்டேன்.

“யாரு அந்த அஞ்சலை?” என்றாள் கலைச்செல்வி.

அப்போதாவது ‘என் பொண்டாட்டிதாம்மா’ என்று சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லவில்லை! காலமெல்லாம் நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுத்த பொம்பளையை முனைவர் பட்டத்து ஏட்டில் யார் எழுதுவார்கள் என்று நினைத்தேன். ஏட்டில் ஏற வேண்டுமானால் பெரிதாக ஏதாவது செய்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். அதனால் செய்ய வைத்தேன்.

“முன்னாடி ஒரு ஐப்பசி அடைமழையில இந்த எடத்துல கரை ஒடைச்சுக்கிச்சும்மா. நடவுக்கு வந்தவ ஒருத்தி, அஞ்சலைன்னு பேரு. கைப்புள்ளயக் கரையில கெடத்திட்டு, ஒடைப்புல முதுகைக் குடுத்து உக்காந்துட்டா. ஆளுங்க வைக்கோலும் மூங்கி முளையும் கொண்டாந்து அடைக்கிற வரைக்கும் எந்திரிக்கவே இல்ல...”

அவள் பேனா ஓடியது. கண் கலங்கியிருந்தது. எனக்குள்ளே என்ன ஒரு குளிர்ச்சி! என் மனைவியின் பேர் புத்தகத்தில் ஏறுகிறது...

மறுநாள் காலையில் டீக்கடையில் பக்கிரியைத் தனியே இழுத்துக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னேன்.

“டேய், அஞ்சலை ஒம் பொண்டாட்டிடா!”

“எனக்குத் தெரியாதாடா?”

“அவ எப்படா ஒடைப்புல உக்காந்தா? எறும்பு கடிச்சாலே ஊரக் கூட்டுவாளே!”

“அந்தப் புள்ள ஒன்கிட்டயும் வந்து கேக்கும். ஆமான்னு சொல்லிடுடா.”

டம்ளரில் மிச்சமிருந்த டீயைக் கீழே ஊற்றினான். பிறகு, “அவ கையால எத்தன நாளு சோறு தின்னுருக்கேன்... சொல்றேன், போ” என்றான்.

சொன்னான். இரண்டு பேர், தனித்தனியாக! விதி நிறைவேறிவிட்டது. அடுத்த தை மாதம் பக்கிரி போய்ச் சேர்ந்தான். அதற்குப் பிறகு இது நான் ஒருவன் மட்டும் சுமக்கிற சுமை.

மூன்று வருடம் கழித்துத் தஞ்சாவூருக்கு வரச் சொன்னாள். “வைவான்னு சொல்லுவாங்க தாத்தா, பட்டம் குடுக்கறதுக்கு முன்னாடி வாய்மொழியா வைக்கிற தேர்வு. யாரு வேணா வந்து உக்காரலாம், கேள்வியும் கேக்கலாம். நீங்க வராம இருக்கக் கூடாது.”

போனேன். என் பக்கத்து நாற்காலியில் அவளுடைய அப்பா. புதுச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி, மட்டை உரித்துக் காய்த்துப்போன கை. மெதுவாகக் கேட்டார்: “இத்தன பேரும் எம் பொண்ணக் கேள்வி கேக்கவாங்க வந்துருக்காங்க?”

“இல்லீங்க, பாதிப் பேரு சாப்பாட்டுக்கு வந்துருப்பாங்க” என்றேன். சிரித்தார்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஏட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார்: “கடைசி மடைக்கு ஒரு பேர் குடுத்திருக்கீங்க. வருவாய்த்துறைப் பதிவுல இல்லை. பழைய வரைபடத்துலயும் இல்லை. எதை வச்சும்மா நாங்க நம்புறது?”

“ரெண்டு பேர் தனித்தனியா சொன்னாங்க ஐயா. ஒருத்தர் காலமாயிட்டார். இன்னொருத்தர் இங்கயே இருக்கார்.”

மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்த்தது. என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். அங்கே உண்மையைச் சொல்லியிருந்தால்... அவள் அப்பாவின் முன்னால்? எப்படிச் சொல்வேன்! கதையையே சொன்னேன். மைக்கில் என் குரல் எனக்கே நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். “அப்ப அவளுக்கு ஏழு மாசம்ங்க, வவுத்துல புள்ள...” என்றேன். கை தட்டினார்கள். முன் வரிசையில் ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கலைச்செல்வி மட்டும் கை தட்டவில்லை. தன் பழைய நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

“ஐயா, ஒரு நிமிஷம். என்கிட்ட அவர் கைக்குழந்தைன்னு சொல்லியிருக்கார். இப்ப வயித்துல குழந்தைன்னு சொல்றார். ரெண்டும் வேற. இதை நான் திரும்பச் சரிபார்க்கணும்.”

அவள் அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். தன் பட்டம் மேசை மேல் இருக்கிறபோது, எல்லோரும் கை தட்டுகிறபோது, தன் ஏட்டில் தானே ஓட்டையைக் காட்டுகிற பெண்ணை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். அந்த ஓட்டை நான் போட்டது!

தேர்வாளர் அந்தப் பக்கத்தின் ஓரத்தை மடித்தார். பிறகு, “விசாரிச்சு அடிக்குறிப்பு ஒண்ணு சேத்துடுங்க” என்றார். பட்டம் தரலாம் என்றும் அறிவித்தார்.

சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“தாத்தா, எது சரி? தப்பா இருந்தாலும் பரவால்ல, எடுத்துடலாம். ஒரு மடை போனா என் ஏடு ஒண்ணும் கொறைஞ்சு போயிடாது.”

மடைப் பலகையைத் தூக்குகிற மாதிரி, உண்மையைச் சொல்ல எனக்கு வழி விட்டாள்! நான் போகவில்லை. எதிரே அவள் அப்பா பந்தியில் ஒவ்வோர் இலைக்கும் தன் கையாலேயே மைசூர்பாகு வைத்துக்கொண்டு வந்தார். “எம் பொண்ணு டாக்டராயிட்டாங்க” என்று இலைக்கு இலை சொல்லிக்கொண்டு வந்தார்...

“அன்னிக்குச் சொன்னதுதாம்மா சரி. மைக்கப் பாத்ததும் தடுமாறிட்டேன்.”

“எனக்கும்தான் தாத்தா வாய் ஒளறுச்சு” என்று சிரித்தாள். தன் இலையிலிருந்த மைசூர்பாகை எடுத்து என் இலையில் வைத்தாள். அதையும் தின்றேன்.

பிறகு கறுப்பு அட்டை போட்ட ஏடு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். துண்டில் சுற்றி பீரோ மேல் வைத்தேன். சாந்தியைத் திறக்க விடவில்லை. அவள் அம்மா பேரைப் பார்த்துவிடுவாளே!

போன மாதம் தஞ்சாவூரிலிருந்து ஒரு மாணவி ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். கலைச்செல்வியின் ஏட்டைப் படித்துவிட்டு வந்தவள். தண்ணீரைக் காத்த பெண்களைப் பற்றி எழுதப் போகிறாளாம். முதல் பேர் அஞ்சலையாம்! மடையைப் போட்டோ எடுத்தாள். “உங்களைப் பத்தி அவங்க எழுதியிருக்கறதப் படிக்கட்டுமா தாத்தா?” என்று கேட்டு, அந்தக் கல்லில் வைத்தே அடிக்குறிப்பைப் படித்தாள்.

‘இந்நிகழ்ச்சியைத் தகவலாளர் இருமுறை கூறியபோது வேறுபாடு காணப்பட்டது. அது முதுமையின் தடுமாற்றமாகலாம். இவர் பொய் சொல்லக் கூடியவர் அல்லர் என்பதை ஆய்வாளர் நேரில் அறிவார்.’

இரண்டாவது தடவை படிக்கச் சொன்னேன். படித்தாள்.

எதற்கும் ஆதாரம் கேட்கிறவள், ஆதாரம் இல்லாத ஒரே இடத்தில் தன் வார்த்தையையே ஆதாரமாக வைத்திருக்கிறாள்! எனக்காக! அந்த வார்த்தையை நம்பி இந்தப் பெண் எழுதுவாள். இவளை நம்பி இன்னொருத்தி...

கலைச்செல்வி இப்போது ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். நான் வாய் திறந்தால் அவள் பட்டத்துக்கு என்ன ஆகும்? எனக்குத் தெரியாது. திறக்காவிட்டால்? அது தெரிகிறது.

இவ்வளவையும் எழுதிவிட்டுச் சாந்தி பேனாவை மூடினாள். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

“சரிப்பா... அந்த மடையில அம்மா நெசமாவே என்னதான் செஞ்சாங்க?”

“என்ன செய்வா... மத்தியானம் தூக்குவாளியில சோறு கொண்டாருவா. அந்தக் கல்லுல உக்காரச் சொல்லுவா. என் கால்ல அட்டை கடிச்சிருந்தா, சுருக்குப்பையிலேருந்து சுண்ணாம்பு எடுத்துத் தடவுவா. அது சுருண்டு விழும். ‘ஒம்ம ரத்தத்துல என்னதான் ருசியோ’ன்னு திட்டுவா. அப்பறம் நடவுக்கு எறங்கிருவா.”

“தெனமுமா?”

“தண்ணி ஓடுற நாளெல்லாம்.”

சாந்தி பேனாவைத் திறந்து, நான் சொல்லாமலேயே அதையும் எழுதினாள். எழுதி முடித்துவிட்டுச் சொன்னாள்:

“இதச் சொல்லியிருந்தா கலைச்செல்வி எழுதியிருக்குமேப்பா.”

எழுதியிருப்பாள்... தெரியாததைக்கூடத் தெரியவில்லை என்று எழுதுகிறவள், இதை எழுதாமலா விட்டிருப்பாள்! அந்த ஏட்டில் இருப்பது எவளோ ஒருத்தி. உடைப்பில் முதுகு கொடுத்தவள். சுண்ணாம்பு தடவியவளை நானே வெளியே நிறுத்திவிட்டேன்.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. வாரம் தவறாமல் கலைச்செல்வி போன் செய்கிற நாள். “தாத்தா, சாப்டீங்களா?” என்றுதான் முதலில் கேட்பாள்.

சாப்பிட்டேன்ம்மா என்று சொல்லத் தெரியும். அதற்கு அடுத்த வார்த்தைதான்...