ஜமால்தீனும் பாய்மரத்து நட்டுகளும்

திகன ஊரில் இரும்புக் கேட் செய்து விற்கிற ஜமால்தீனுக்குப் பொறாமை புதிதல்ல. பக்கத்துக் கடைக்காரன் போர்டுக்குப் பெயின்ட் அடித்தாலே அவருக்குச் சோறு இறங்காது. மனைவியின் தம்பி ஸமீம் கட்டாரிலிருந்து வந்து எதிர்ப்பக்கமே வெல்டிங் கடை திறந்தால் கேட்கவா வேண்டும்? வயிறு எரிந்துகொண்டே இருந்தது.

அந்த நெருப்பில் எண்ணெய் ஊற்றியது ஒரு படகு. நீர்த்தேக்கக் கரையிலுள்ள விடுதியில் இரட்டை உடல் கொண்ட சின்னப் பாய்மரப் படகொன்று நின்றது. பாய்மரத்தைக் கம்பிகளோடு இழுத்துப் பிடிக்கும் தகடுகளும் போல்ட்டுகளும் தேய்ந்து, துளைகள் அகன்றுவிட்டன. அவற்றை மாற்றும் வேலையை மனேஜர் வீரசிங்கம் ஸமீமிடம் கொடுத்துவிட்டார். அந்த விடுதிக்கே கேட் செய்து கொடுத்தவர் ஜமால்தீன். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"என்ட தம்பிக்குக் கெடச்சா நமக்குக் கெடச்ச மாதிரித்தானே," என்றாள் மனைவி ஷஹ்மா. அது இன்னும் சுட்டது.

வேலை முடிந்ததும் ஸமீமே அவரைக் கூட்டிப்போய்க் காட்டினான். எல்லாம் புத்தம் புது ஸ்டெயின்லெஸ். ஜமால்தீனின் கண் குறை தேடி அலைந்தது. கண்டும் பிடித்தது. ஒவ்வொரு நட்டிலும் பொட்டு வைத்ததுபோல் ஒரு வெல்டிங். கள்ளன் கழற்றாமலிருக்க இந்தப் பக்கத்தில் எல்லோரும் கேட் நட்டுகளுக்கு வைப்பதுதான். ஆனால் காற்று வலுத்தால் இந்தப் பாய்மரத்தைக் கழற்றிப் படுக்க வைப்பார்கள். விடுதிக்குக் கேட் பொருத்தப் போன காலத்தில் அதை அவர் பார்த்திருக்கிறார். நட்டு கழன்றால்தானே மரம் இறங்கும்?

"எப்பிடி மச்சான்? பிழை ஏதும் இரிந்தா சொல்லுங்க."

சொல் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"நல்லாத்தான் இரிக்கி."

அன்று வயிறாரச் சாப்பிட்டார்.

மறுநாள் வெள்ளோட்டம். ஜும்ஆத் தொழுகைக்கு உடுத்தும் சட்டையைப் போட்டுக்கொண்டு ஜமால்தீன் முன்வரிசையில் போய் நின்றார். படகு ஒரு சுற்றுப் போய்க் கரைக்கு வந்ததும் மலைப்பக்கமிருந்து காற்று வலுத்தது. மரத்தை இறக்கச் சொன்னார் வீரசிங்கம். ஸ்பானரோடு மல்லுக்கட்டியும் ஒரு நட்டும் அசையவில்லை. காற்று படகைக் கரையிலேயே சாய்த்துப் போட்டது. பாய் கிழிந்தது.

"ஆர் உங்களை இதுக்கு வெல்டிங் வைக்கச் சொன்னது?" வீரசிங்கம் ஸமீமைப் பிடித்துக்கொண்டார்.

ஜமால்தீன் காத்திருந்தது இதற்குத்தான். மனம் குளிர்ந்தது.

"தெரியாமச் செஞ்சிட்டேன் சேர்," என்றான் ஸமீம். "மச்சானும் நேத்துப் பாத்தார். பிழையிரிந்தா அவர் சொல்லியிரிப்பார்."

எல்லோரும் ஜமால்தீனைத் திரும்பிப் பார்த்தார்கள். தெரியும் என்று சொன்னால் ஊரில் தலைகாட்ட முடியாது.

"எனக்கும் வெளங்கல்ல சேர்," என்றார்.

"அப்ப ரெண்டு பேரும் ஒண்டுதான். நான் கொழும்பிலயிருந்து ஆள் எடுக்கிறன்."

வீரசிங்கம் போய்விட்டார். ஸமீம் வந்து ஜமால்தீனின் தோளில் கை வைத்தான்.

"மாப் பண்ணுங்க மச்சான். என்னால ஒங்கட பேரும் கெட்டுப்போச்சி."

அவன் கண் கலங்கியிருந்தது. அந்தக் கையைத் தட்டிவிட ஜமால்தீனுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.