ஜீப்புக்கு வந்த நடுக்கம்

எழுபதுகளின் கடைசியில், ஒரு மாசி மாதக் காலை. கீழ்வேளூர்ப் பக்கம் ஊருக்கு ஊர் குத்தகைத் தகராறு. எங்கள் ஊரில் கணவரை இழந்த ஓர் அக்கா குத்தகைக்குச் சாகுபடி செய்த நிலத்தைப் பண்ணைக்காரர் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டிருந்தார். அன்று நாகப்பட்டினத்தில் விசாரணை. கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் நிலம் கைவிட்டுப் போய்விடும். பஸ்ஸும் ஓடவில்லை. ஏலத்தில் எடுத்த பழைய ஜீப்பை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்த நான், "நான் இருக்கேன் அக்கா" என்று மார்தட்டிவிட்டேன்.

கிளம்பும்போது அக்கா, ரோட்டில் காயப்போட்டிருந்த உளுந்துச் செடியைக் காட்டி, "அது மேல ரெண்டு தடவ ஏத்தி எறக்கிட்டுப் போ தம்பி, காய் உதிரட்டும்" என்றார். எங்கள் பக்கம் தார் ரோடுதானே களம்! முன்னும் பின்னுமாக ஓட்டிவிட்டுப் புறப்பட்டோம்.

ஊர் எல்லை தாண்டி வேகம் எடுத்ததும் ஜீப் உதறத் தொடங்கியது. ஸ்பீடாமீட்டர் முள் முப்பதைத் தாண்டினால் தரையே அதிர்கிறது, குறைத்தால் அடங்குகிறது.

"என்ன தம்பி, வண்டிக்குக் குளிர் ஜொரமா?"

எனக்கு வேறு ஞாபகம். முதல்நாள் மாலை, பண்ணைக்காரருக்காக வழக்கைக் கவனிக்கும் ஏஜெண்ட் என் ஜீப்புக்குப் பக்கத்தில் நின்று பீடி பற்றவைத்தார். "ஆள் வச்சுக் கழட்டிட்டாங்க அக்கா!" என்றேன்.

"எதை?"

"அது தெரிஞ்சா மாட்டிருக்க மாட்டேனா!"

ஓடும்போதே கிளச்சை மிதித்து நியூட்ரலில் விட்டேன். உதறல் நிற்கவில்லை. அப்படியென்றால் இன்ஜின் இல்லை. இறங்கிச் சக்கர நட்டுகளை முடுக்கிப் பார்த்தேன். எல்லாம் இறுக்கம். மிச்சம் இருப்பது, அடியில் சுழன்று பின்சக்கரங்களை ஓட்டும் ஷாஃப்ட்தான். குனியலாமா என்று யோசித்தபோது, சைக்கிளில் அதே ஏஜெண்ட் வந்துகொண்டிருந்தார். எனக்கு முப்பதைத் தாண்டாமலே நடுக்கம். சடாரென்று ஜீப்புக்கு அடியில் புகுந்தேன். பழுது பார்க்க என்று அக்காவிடம் சொன்னேன், உண்மையில் ஒளிந்துகொள்ளத்தான்.

அங்கே பார்த்தால், ஷாஃப்டின் ஒரு பக்கத்தில் உளுந்துச் செடி, வேரோடும் களிமண் கட்டியோடும், முறுக்கிய கயிறாகச் சுற்றிக் கிடந்தது. சதிகாரன் நானேதான்! பிய்த்துப் பார்த்தேன், அசையவில்லை. அப்போது ஒரு கை கத்தியோடு உள்ளே நீண்டது. "ஐயோ!" என்று அலறினேன்.

"கத்தாதய்யா, புடி" என்றார் ஏஜெண்ட். கத்தியின் கைப்பிடி என் பக்கம் இருந்தது.

அறுத்துப் போட்டுவிட்டு, உடம்பெல்லாம் மண்ணோடு வெளியே வந்தேன். அவர் சைக்கிளை ஜீப்பின் பின்னால் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"நாங்க வரலேன்னா உங்களுக்குத்தானே லாபம்?" என்று கேட்டேன்.

"இந்தம்மா வராம ஜெயிச்சா ஊர்ல எவன் மூஞ்சியில முழிக்கிறது? அதுவுமில்லாம நாகப்பட்டினம் வரைக்கும் மிதிக்க எனக்கென்ன பைத்தியமா?"

"நீங்க ஜெயிச்சாத்தானே!" என்றார் அக்கா.

வழியெல்லாம் இருவரும் வரப்புக்கும் வாய்க்காலுக்குமாக அடித்துக்கொண்டார்கள். முள் நாற்பதைத் தொட்டும் வண்டி அலுங்கவில்லை. கோர்ட்டில் அக்காவின் பெயரைக் கூப்பிட்டபோது, "இருக்கேங்க" என்று அவர் சொன்ன சத்தம் வாசலில் நின்ற எனக்கே கேட்டது. வழக்கு பிறகு இழுத்துக்கொண்டே போய், கடைசியில் நிலம் அவரிடமே தங்கியது.

ஊரே இரண்டாகப் பிரிந்து நின்ற அந்த நாட்களிலும், எதிராளியை எதிரே நிறுத்தித்தான் ஜெயிக்க வேண்டும் என்று நினைத்த ஒருவரை நான் குனிந்துகூடப் பார்க்காமல் குற்றவாளி ஆக்கியிருந்தேன் என்பது, இன்றும் யார் மீதாவது சட்டென்று சந்தேகம் வரும்போது என் வாயைக் கொஞ்ச நேரம் மூடி வைக்கிறது.